மோட்டார் போடும் முன்பே பாதி வேலை: டைமண்ட் வயரில் கிரானைட் அறுப்பது எப்படி

கிருஷ்ணகிரி பக்கத்து கிரானைட் குவாரிகளில் வயர் சா மிஷினோடு, அதாவது வைர மணி கோத்த வயரை வளையமாக ஓடவிட்டுக் கல்லை அறுக்கும் மிஷினோடு, பல வருஷம் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மிஷினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எத்தனை எச்பி, எவ்வளவு வேகம், ஒரு நாளைக்கு எத்தனை சதுர மீட்டர் அறுக்கும் என்று கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, பாதியில் அறுந்துபோன வயர்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மோட்டார் சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிட்ட தப்புதான். துளை கோணலாகப் போயிருக்கும், கல்லின் முனையை மழுக்கியிருக்க மாட்டார்கள், வயரை முறுக்காமல் மாட்டியிருப்பார்கள், ஜாயிண்டை அவசரத்தில் அழுத்தியிருப்பார்கள். அதனால் இந்தக் குறிப்பில் மிஷின் ஓடும் நேரத்தைவிட அதற்கு முந்தைய நேரத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் வயர் என்றால் என்ன என்று கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஓடுவது சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டீல் கேபிள், நூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய கம்பி இழைகளை முறுக்கிச் செய்தது. அதன் மேல் பாசிமணி கோத்த மாதிரி சின்னச் சின்ன மணிகள் வரிசையாக இருக்கும். கிரானைட்டுக்கான வயரில் மீட்டருக்கு 40 மணிகள் வரை வரும், மார்பிள் வயரில் 30 சொச்சம்தான். ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி ஸ்டீல் குழாய், அதன் மேல் உலோகப் பொடியும் வைரத் துகளும் கலந்து சூளையில் சுட்டெடுத்த உறை. குவாரி வயரில் புது மணியின் விட்டம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். மணிக்கும் மணிக்கும் நடுவில் பிளாஸ்டிக்கோ ரப்பரோ ஊற்றியிருப்பார்கள். மார்பிள் வயரில் அந்த இடத்தில் ஸ்பிரிங் போட்டால் போதும். கிரானைட்டில் அது சரிப்படாது, ஏனென்றால் அறுக்கும்போது வரும் சேறு மணல் மாதிரி உராயும், கேபிளுக்குள் புகுந்துவிட்டால் இழை இழையாகத் தின்றுவிடும்.

வைரம்தான் அறுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகமும் சேர்ந்து தேய வேண்டும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. மேலே இருக்கும் வைரத் துகள் மழுங்கும்போது சுற்றியுள்ள உலோகமும் தேய்ந்து அதை உதிர்க்க வேண்டும், அப்போதுதான் கீழே இருக்கும் புதுத் துகள் வெளியே வரும். குவார்ட்ஸ் நிறைய இருக்கும் கல் இந்தத் தேய்ப்பைத் தானே செய்துவிடும், அதனால் அதற்குக் கடினமான உலோகப் பிடிப்பு வேண்டும். விழுப்புரம் பக்கம் குன்னத்தில் வெட்டும் கருப்புக் கல்லைப் போலக் குவார்ட்ஸ் குறைந்த, ஆனால் இறுகிய கல்லில் பிடிப்பு மென்மையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணி கண்ணாடி மாதிரி பளபளத்து, கல்லின் மேல் வழுக்கிக்கொண்டே ஓடும். வயர் வாங்கும்போது விற்பவரிடம் "கிரானைட் வயர் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஊர்க் கல், எந்த நிறம் என்று சொல்லுங்கள், முடிந்தால் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பழைய முறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியில் கராரா மார்பிள் குவாரிகளில் முறுக்கிய ஸ்டீல் கம்பியையும் மணலையும் தண்ணீரையும் வைத்து ரொம்ப காலம் அறுத்தார்கள். வைர மணி கோத்த வயரை அங்கேதான் 1978 வாக்கில் முதலில் இறக்கிப் பார்த்தார்கள். நம்மூர் குவாரிகளில் வரிசையாகத் துளை போட்டு வெடிமருந்து வைத்துப் பிளப்பதும், டீசலில் எரியும் ஜெட் பர்னரால் சுட்டுக் குடைவதும்தான் நடந்தது. பர்னரின் சத்தம் காதைக் கிழிக்கும். அதோடு சூட்டில் குவார்ட்ஸ் உப்பிச் சிதறுவதால்தான் அது வேலையே செய்யும், கருப்புக் கல்லில் பலிக்காது. வெடி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் பிளாக்குக்குள் ஓடும், பாலிஷ் போடும்போதுதான் அது வெளியே தெரியும். வயர் அறுத்த முகத்தைத் தடவிப் பாருங்கள், கை வைத்த இடமெல்லாம் சமமாக இருக்கும். பல கோடி வருஷத்துக் கல்லை இவ்வளவு குறைவாக வீணாக்கி எடுக்க முடிகிறதே என்று எனக்கு இன்றும் ஒவ்வொரு வெட்டிலும் தோன்றும்.

துளை போடுவது

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் உயரமுள்ள பெஞ்ச், அதாவது படி மாதிரி வெட்டிவிட்ட பாறை, அதில் முகப்பிலிருந்து (முன்பக்கச் சுவரிலிருந்து) உள்ளே 8 மீட்டர் வரை ஒரு செங்குத்து வெட்டு போட வேண்டும். மேலிருந்து கீழே 6 மீட்டருக்கு ஒரு துளை, முகப்பின் அடியிலிருந்து உள்ளே 8 மீட்டருக்கு ஒரு துளை. இரண்டும் கல்லுக்குள் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் வயர் போக வழியில்லை.

இதில்தான் பொறுமை வேண்டும். 8 மீட்டரில் நூற்றுக்கு ஒரு பங்கு கோணல் என்றால் 8 சென்டிமீட்டர் விலகல். உங்கள் துளையின் விட்டமே 9 சென்டிமீட்டர்தான். அதனால் டிரில் மிஷினை நிறுத்தும்போது கண்மட்டத்தை நம்பாதீர்கள். மேல் துளைக்குத் தூக்குக்குண்டு, கீழ்த் துளைக்கு ரசமட்டம், இரண்டும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க முகப்பில் நூல். மேலுக்கும் கீழுக்கும் உயரத்தைச் சரிபார்க்க டியூப் லெவல் போதும். இப்போது லேசர் வைத்திருக்கிறார்கள், இருந்தால் நல்லது. டிரில் பிட் கல்லைத் தொட்ட முதல் அரை மீட்டரை மெதுவாகப் போடுங்கள். அங்கே நேராக இறங்கிவிட்டால் பிறகு பெரும்பாலும் நேராகவே போகும், அங்கே வழுக்கினால் கடைசிவரை அந்தக் கோணல் கூடவே வரும்.

நான் எப்போதும் மேல் துளையை முதலில் போட்டு, தேவையான ஆழத்துக்குக் கீழே இன்னும் ஒரு முழம் இறக்கிவிடுவேன். அப்புறம் கீழ்த் துளையை ஓட்டும்போது ஒரு ஆள் மேல் துளைக்குப் பக்கத்தில், வாயிலிருந்து ஒதுங்கி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிட் மேல் துளையைத் தொட்ட அந்த நொடியில் கம்ப்ரஸர் காற்று புஸ்ஸென்று மேலே ஏறி, வெள்ளைத் தூசி ஒரு கொத்தாகக் குதித்து வெளியே வரும். அதைப் பார்த்து மேலே இருப்பவர் கையை உயர்த்தும்போது கீழே நிற்கிற நமக்கு வருகிற நிம்மதியைச் சொல்லி மாளாது. தூசி வராமல் 8 மீட்டரும் தாண்டிவிட்டதென்றால் விலகிவிட்டது என்று அர்த்தம். மேல் துளையில் தண்ணீர் ஊற்றி, கீழே ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். சில சமயம் நடுவில் இரண்டு விரல் அளவு கல்தான் மிச்சம் இருக்கும், மேல் துளையைப் பெரிய பிட்டால் அகலப்படுத்தினால் திறந்துவிடும். அப்படியும் திறக்கவில்லையென்றால் பக்கத்தில் புதுத் துளை போடுங்கள்.

டிரில் போடும்போது தூசிக்கு மாஸ்க் கட்டாயம், மூக்கைச் சுற்றிய துண்டு போதாது. வயர் அறுப்பது தண்ணீரோடு நடப்பதால் தூசி பறக்காது. ஆனால் துளை போடும் தூசியும், காய்ந்த பிறகு காற்றில் கிளம்பும் சேற்றுப் பொடியும் நுரையீரலில் போய்த் தங்கும் சிலிக்கா. அதனால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தபின் குணப்படுத்த வழியில்லை. கூட வேலை செய்தவர் ஒருவர் நாற்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வயரைக் கோப்பது, முறுக்குவது, இணைப்பது

துளை சந்தித்ததும் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரு நைலான் கயிற்றின் முனையில் துணி உருண்டையைக் கட்டி, மேல் துளையில் போட்டுத் தண்ணீரோ காற்றோ விட்டால் பெரும்பாலும் கீழே வந்துவிடும். வராவிட்டால் கீழிருந்து கொக்கி வளைத்த ஜிஐ கம்பியை விட்டு இழுங்கள். கயிறு வந்ததும் அதில் வயரைக் கட்டி மெதுவாக இழுத்துக்கொள்ளுங்கள்.

வயரின் நீளக் கணக்கு: உள்ளே 8, மேலே ஏற 6, மேல் தளத்தில் முகப்பு வரை 8, முகப்பில் கீழே இறங்க 6, மொத்தம் 28. மிஷின் 3 மீட்டர் தள்ளி நின்றால் போக வர 6. மிஷினில் வயரை ஓட்டும் பெரிய சக்கரமான ஃபிளைவீலைச் சுற்ற ஒன்றேகால். ஆக 35 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மழுக்கும் வேலை. மேல் துளையின் வாயும், வயர் மேல் தளத்திலிருந்து முகப்பில் கீழே திரும்பும் விளிம்பும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். அந்த இடங்களை ஜாக்ஹாமராலோ சுத்தியல் உளியாலோ நன்றாக உருட்டிவிடுங்கள், ஒரு பானையின் தோள் அளவுக்கு வளைவு வர வேண்டும். கூர்மையான முனையில் வயர் மடங்கி ஓடினால் மணிக்குப் பக்கத்தில் கேபிள் திரும்பத் திரும்ப ஒடிந்து களைத்துப்போகும், முதல் பத்து நிமிஷத்திலேயே அறுந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது திசை. வயரின் மேல் அம்புக்குறி இருக்கும். எந்தத் திசையில் ஒரு தடவை ஓடியதோ அதே திசையில்தான் கடைசிவரை ஓட வேண்டும். ஓடிய மணியில் ஒவ்வொரு வைரத் துகளுக்கும் பின்னால் உலோகம் வால் மாதிரி நின்று அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். திசையை மாற்றினால் அந்த முட்டு போய் வைரம் கொத்தோடு உதிரும். அறுக்கிற வயர் மேலே நுழைந்து, கீழ்த் துளை வழியாக மிஷினை நோக்கி வரும்படி மாட்டுங்கள். அப்போதுதான் மேலே ஊற்றுகிற தண்ணீரை வயரே உள்ளே இழுத்துக்கொண்டு போகும், சேறும் கீழே வடிந்துவிடும்.

பிறகு முறுக்கு. வயரை வளையமாக இணைப்பதற்கு முன் மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சுற்று வரை முறுக்க வேண்டும். 35 மீட்டருக்கு 50 சுற்று வரை வரும். கை வலிக்கும், ஆனாலும் ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணிச் செய்யுங்கள். கேபிளின் இழைகள் இறுகும் திசையில் முறுக்க வேண்டும், பிரியும் திசையில் முறுக்கினால் வயரே நாசம். இந்த முறுக்கு இருப்பதால்தான் வயர் ஓடும்போது தன்னைத் தானே சுழற்றிக்கொண்டு, மணியின் எல்லாப் பக்கத்தையும் கல்லுக்குக் கொடுக்கும். ஒரு தடவை ஷிப்ட் முடியும் அவசரத்தில் முறுக்காமல் மாட்டிவிட்டோம். மறுநாள் கழற்றிப் பார்த்தால் மணிகள் எல்லாம் ஒரு பக்கம் தட்டையாகி, புளியங்கொட்டை மாதிரி ஆகியிருந்தன. புது வயர் அது. நீள்வட்டமாகத் தேய்ந்த மணி அதற்கப்புறம் சுழலவே சுழலாது. அந்த 35 மீட்டரை ஓரமாகச் சுருட்டி வைத்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜாயிண்ட். வயர் அறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் இதை மட்டும் யாரையும் பேசவிடாமல் செய்யுங்கள். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக்கைச் சீவி கேபிளைத் தெரியவையுங்கள். உள்ளே இழைகள் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முனையைக் கூரான கட்டரால் நேராக வெட்டுங்கள், ஒரு இழைகூடப் பிரிந்து நிற்கக் கூடாது. கனெக்டர் குழாயின் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து, அதே அளவைக் கேபிளில் மார்க்கரால் குறித்துக்கொண்டு, குறி வரை முழுதாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். பாதிதான் போயிருந்தால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஓடும்போது உருவிக்கொள்ளும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில்தான் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டி இணைப்பதை ஒரு இடத்தில் பார்த்தேன், மிஷின் போடுவதற்கு முன் நான் அங்கிருந்து விலகிவிட்டேன். அழுத்தியபின் ஜாயிண்டை லேசாக வளைத்துப் பாருங்கள், கேபிள் குழாய்க்குள் நுழையும் இடத்தில் இழை ஒன்று உடைந்து துருத்தியிருந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். நான் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் புது ஜாயிண்ட் போடுவேன். ஒரு கனெக்டரின் விலையும், கல்லுக்குள் அறுந்த வயரை வெளியே எடுக்க ஆகும் அரை நாளும் ஒன்றாகுமா?

ஓட்டுவது

மிஷின் பின்னால் நகர்ந்து வயரை இழுத்துக்கொண்டே போகும் தண்டவாளத்தை வெட்டுத் தளத்துக்கு நேராகப் போடுங்கள். ஃபிளைவீலின் பள்ளமும் இரண்டு துளைகளும் ஒரே நூலில் வர வேண்டும். இங்கே விலகல் இருந்தால் வயர் பள்ளத்தின் ஓரத்தில் ஏறி உராயும், திடீரென்று வெளியே குதிக்கும். மிஷின் ஒரு மீட்டர் பின்னால் போனால் வளையத்திலிருந்து இரண்டு மீட்டர் வயரை இழுத்துக்கொள்ளும் என்பதால் தண்டவாளம் முடிகிற இடத்தில் நிறுத்தி, வயரை வெட்டிச் சிறிதாக்கி, மறுபடி ஜாயிண்ட் போட வேண்டியிருக்கும்.

தண்ணீரைத் திறந்துவிட்டு, மோட்டார் போடாமல் இரண்டு பேர் வயரைக் கையால் இழுத்துப் பாருங்கள். சுற்றி வருகிறதா? எங்கேயாவது சிக்கினால் கையே சொல்லும். சரளமாக வந்த பிறகுதான் மோட்டார். முதல் கால் மணி நேரம் மெதுவாக, குறைந்த இழுவையில் ஓடட்டும். வயர் தன் மூலைகளைத் தானே வளைத்துக்கொள்ளும் நேரம் அது. புது வயர் என்றால் இன்னும் நிதானம் தேவை, மணியில் வைரம் இன்னும் முழுதாக வெளியே வந்திருக்காது.

வேகக் கணக்கு எளிது. ஃபிளைவீல் விட்டம் 80 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு இரண்டரை மீட்டர். நிமிஷத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 10 சுற்று, அதாவது வயர் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கிரானைட்டுக்கு 20 முதல் 30 வரை. கல் எவ்வளவு கடினமோ அவ்வளவு வேகத்தைக் குறைக்க வேண்டும். புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள், கல் அறுபடவில்லை என்று வேகத்தைக் கூட்டுவார்கள், வைரம் மெருகேறி அறுப்பதையே நிறுத்திவிடும். மார்பிளுக்குத்தான் 30, 40 எல்லாம் பொருந்தும். அதே சமயம் வேகம் ரொம்பக் குறைந்தால் ஒவ்வொரு வைரமும் தாங்க முடியாத அளவு கல்லைச் சுரண்ட நேர்ந்து பிய்ந்துபோகும், வயர் சீக்கிரம் தேயும்.

இழுவையை ஆம்பியர் மீட்டரை வைத்துப் பாருங்கள். 50 எச்பி மோட்டார் முழுச் சுமையில் 65, 70 ஆம்பியர் எடுக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கில் ஓடும்படி வைத்தால் வயரும் தாங்கும் வேலையும் நடக்கும். முள் ஒரே இடத்தில் லேசாக ஆடிக்கொண்டு நிற்க வேண்டும். திடீரென்று ஏறி இறங்கினால் உள்ளே எங்கோ பிடிக்கிறது. மெதுவாக ஏறிக்கொண்டே போனால் வெட்டு இடைவெளி மூடுகிறது. பூமிக்குள் கல் அழுத்தத்தில் இருக்கும், பக்கத்தில் வழி கிடைத்ததும் நகரும். வயர் கடந்த இடத்தில் உடனே ஆப்பு அடித்து வையுங்கள்.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. மேலே வயர் கல்லுக்குள் நுழைகிற இடத்தில் நிமிஷத்துக்கு 20 லிட்டருக்குக் குறையாமல் விழ வேண்டும், வெட்டு நகர நகர ஹோசையும் நகர்த்த வேண்டும். ஹோசை ஒரு இடத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் நடக்கிற தப்பு. கீழே வடிகிற சேற்றை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், வடிகால் ஓரமாக, வயரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று. மெல்லிய மணல் மாதிரி நறநறத்தால் வைரம் கல்லைக் கடிக்கிறது. மைதா மாவைப் போல வழவழத்தால் மணி மழுங்கி வெறுமனே தேய்க்கிறது. அப்போது வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், சரியாகாவிட்டால் வயரைக் கழற்றி மணல் கலந்த செங்கல்லையோ சொரசொரப்பான மணற்கல்லையோ கொஞ்ச நேரம் அறுக்கவிட்டு மணியைத் திறக்கலாம். வெட்டிலிருந்து ஆவி வந்தால் யோசிக்கவே வேண்டாம், நிறுத்துங்கள். ஆவி வருகிறது என்றால் உள்ளே தண்ணீர் போய்ச் சேரவில்லை, பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருக்கும்.

கரண்ட் போனால்? நடக்கிறதுதான். தண்ணீர் டேங்கிலிருந்து தானாக விழுந்துகொண்டே இருக்கும்படி வைத்திருந்தால் சேறு உள்ளே இறுகாது. கரண்ட் வந்ததும் நேராக மோட்டாரைப் போடாதீர்கள். மிஷினை முன்னால் நகர்த்தி வயரைத் தளர்த்தி, மறுபடி கையால் இழுத்துப் பார்த்து, முதலில் செய்தது போலவே மெதுவாகத் தொடங்குங்கள்.

உதாரண வெட்டு 48 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு 4 சதுர மீட்டர் போகிறது என்றால் 12 மணி நேரம். வேறு கல்லில் இது பாதியாகலாம், இரண்டு மடங்கும் ஆகலாம். மீட்டர் வயருக்கு 8 சதுர மீட்டர் ஆயுசு கிடைத்தால் 35 மீட்டர் வயரில் இப்படி ஐந்தாறு வெட்டு போடலாம்.

எங்கே நிற்கக் கூடாது

வயர் வளையம் ஓடுகிற தளம் இருக்கிறதே, அதற்கு நேராக, முன்னாலோ பின்னாலோ, எவ்வளவு தூரத்திலும் யாரும் நிற்கக் கூடாது. வயர் அறுந்தால் கேபிளின் முனை சாட்டை மாதிரி வீசும். அதைவிட மோசம், மணிகள் கழன்று துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். 25 மீட்டர் வேகத்தில் ஓடும் வயரின் வீசும் முனை அதைவிடப் பல மடங்கு வேகத்தில் போகும். ஒரு தடவை அறுந்தபோது, 30 மீட்டர் தள்ளி இருந்த தகர ஷெட்டில் ஒரு மணி துளைத்து மறுபக்கம் போனது. அந்தத் துளை சட்டைப் பொத்தான் அளவுதான். ஷெட்டுக்குள் அன்றைக்கு யாரும் இல்லை. மேஸ்திரி அந்த ஓட்டையைச் சுற்றி சிவப்பு பெயிண்டில் வட்டம் போட்டு அப்படியே விட்டுவைத்தார். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் முதலில் அங்கேதான் கூட்டிப்போய்க் காட்டுவார்.

ஆகவே, கன்ட்ரோல் பேனலைப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். வெளியே தெரிகிற வயரின் மேல், மிஷினுக்கும் கல்லுக்கும் நடுவிலும் மேல் தளத்திலும், பழைய கன்வேயர் பெல்ட்டைத் தடிமனாகத் தொங்கவிடுங்கள். மிஷினுக்குப் பின்னால் மண்மேடோ கல்சுவரோ இருக்கட்டும். கயிறு கட்டி வழியை அடையுங்கள், ஹோசை நகர்த்தவோ ஆப்பு அடிக்கவோ போக வேண்டுமென்றால் மோட்டாரை நிறுத்தி, வயர் முழுதாக நின்ற பிறகுதான். ஓடுகிற வயரைத் தாண்டிக் குதிக்கிறவரைப் பார்த்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசி ஒரு மீட்டர்

வெட்டு முடிவுக்கு வரும்போது வயரின் வளைவு சிறிதாகிக்கொண்டே போகும். பெரிய வில்லாக இருந்தது இப்போது கொக்கி மாதிரி ஆகிவிடும், அந்த இறுக்கமான வளைவில் கேபிள் சீக்கிரம் களைத்துப்போகும். முகப்பில் இரண்டு கைடு புல்லி போட்டு வயரை அகலமாக வைத்தால் வளைவு பெரிதாகவே இருக்கும். ஆம்பியரைப் பாதிக்குக் குறையுங்கள், மிஷின் பின்னால் போகும் வேகத்தையும் குறையுங்கள். காதைக் கொடுத்துக் கேட்டால், இவ்வளவு நேரம் அடித்தொண்டையில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெல்லிய கீச்சாக மாறுவது தெரியும். மிச்சக் கல் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். கடைசித் துண்டு உடைந்ததும் வயர் மிஷின் பக்கமாகத் துள்ளி வெளியே வரும், அதனால் கடைசி அரை மணி நேரத்தில் மிஷின் பக்கம் யாருக்கும் வேலை இருக்கக் கூடாது.

வயர் நடுவில் அறுந்துவிட்டால் ஒரு விஷயம் கவனம். ஓடிக்கொண்டிருந்தது பழைய வயர், மணி 9.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருக்கிறது என்றால் வெட்டின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதில் 11 மில்லிமீட்டர் புது வயரைப் போட்டால் ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்ளும். அதே அளவோ, அதைவிடச் சிறியதோதான் போட வேண்டும். இரண்டு துண்டை இணைத்து ஓட்டுவதானாலும் மணிகளின் விட்டம் ஒன்றுபோல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மணியே எல்லாச் சுமையையும் வாங்கும்.

முழு பிளாக்கை எடுப்பதற்கு வெட்டு வரிசை: அடி வெட்டு முதலில், அப்புறம் பக்கவாட்டு, கடைசியில் பின்பக்கம். அறுத்து முடித்ததும் பிளாக்குக்கு முன்னால் மண்ணையும் சில்லுக் கல்லையும் மெத்தை மாதிரி போட்டு, வெட்டுக்குள் ஹைட்ரோ பேக்கை (தண்ணீர் ஏற்றினால் உப்பும் பையை) விட்டு தண்ணீர் ஏற்றித் தள்ளினால் பிளாக் மெதுவாகச் சாய்ந்து மெத்தையில் படுக்கும். அப்புறம் ஹிட்டாச்சி வேலை.

கான்கிரீட் அறுக்கிறவர்களுக்கும் மேலே சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும். பழைய பாலத் தூண், மெஷின் அஸ்திவாரம், தடித்த சுவர் எல்லாவற்றையும் அதிர்வில்லாமல் துண்டாக்க இதே மாதிரி வயர்தான், ரப்பர் ஊற்றியதாக இருக்கும், கோர் டிரில் துளை வழியாகக் கோப்பார்கள். வித்தியாசம் உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பியில். கம்பி வரும்போது ஆம்பியர் சட்டென்று ஏறும், அப்போது இழுவையை விட்டுக் கொடுங்கள், வயர் கம்பியைத் தானே தின்று வெளியே வரும். அறுத்த துண்டு எவ்வளவு எடை, எதில் தொங்குகிறது என்பதை வயர் மாட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ இரண்டரை டன்.

வேலை முடிந்ததும் வயரை வெளியே இழுத்து, சேறு காய்வதற்குள் கழுவுங்கள். காய்ந்தால் மணிக்கு இரண்டு பக்கமும் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். வெர்னியர் காலிப்பரை எடுத்து, வயரின் நீளம் முழுக்க அங்கங்கே பத்து மணிகளை இரண்டு பக்கமாக வைத்து அளந்து, விட்டத்தையும் அன்றைய சதுர மீட்டரையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு பக்க அளவும் வேறுபட்டால் அடுத்த தடவை முறுக்கில் மீட்டருக்கு ஒரு கால் சுற்று கூட்டுங்கள். அம்புக்குறி அழிந்திருந்தால் உடனே பெயிண்டால் போட்டுவிடுங்கள், நாளைக்கு யாருக்கும் திசை நினைவிருக்காது. அப்புறம் வயரை மடக்காமல் பெரிய வளையமாகச் சுருட்டி, விட்டம் எழுதிய அட்டையைக் கட்டி, நிழலில் தொங்கவிடுங்கள்.